தீவகமும் அதனை எழுதினோர் நோக்கும்

ஓர் ஊரைப்பற்றி எழுதப்பட்ட குறிப்பு எதுவாயினும், அஃது அவ்வூரைக் காட்டுவதோடு எழுதியவரையும் ஓரளவு காட்டிவிடுகின்றது. மன்னரின் வெற்றி தோல்விகளையும் சமயப் பூசல்களையும் கூறும் ஆதாரங்களைப் படிக்குமிடத்து, ஆசிரியர் யாருடைய பக்கம் நின்று எழுதினார் என்று வினவுதல் வரலாற்று மாணவருக்குப் பழகிய ஒன்று. ஆனால் ஒரு துறைமுகம், ஒரு கிணறு, ஒரு கல்மதில், ஒரு பனங்கூடல் என்பன பற்றிய வருணனை வரும்போது அந்த விழிப்பு தளர்ந்துவிடுகின்றது. நாள்தோறும் எல்லாரும் காணும் பொருளிலே யாருக்கு என்ன சார்பு இருத்தல் கூடும் என்று கருதி அவ்வருணனையை அப்படியே ஏற்றுக்கொள்வர். இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதனை ஆராய்வதற்கு யாழ்ப்பாணத்துத் தீவகத்தினும் சிறந்த களம் கிடைத்தல் அரிது. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய இடங்களை ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாகப் பலர் பல மொழிகளில் எழுதியுள்ளனர். நிலமும் கடலும் பெரிதும் மாறவில்லை. எழுதியவர் மாறுந்தோறும் ஊர் வேறோர் ஊராயிற்று.

நிலத்தை வருணிப்பதில் நோக்குவோரின் நிலைக்கும் பங்குண்டு என்னும் உண்மை தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்திலுள்ள மாவும் மரமும் புள்ளும் தொழிலும் போல்வனவற்றைக் கருப்பொருள் என்றும், மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்தார். சங்கச் செய்யுளில் நெய்தல் நிலம் தனியே நின்று பேசுவதில்லை. தலைவி கூறுகின்றாள், தோழி கூறுகின்றாள், செவிலி கூறுகின்றாள் என்று கூற்று வகுத்த பின்னரே பாட்டின் பொருள் உரைக்கப்படும். காத்திருக்கும் தலைவிக்குக் கடலோசை துயரத்தை மிகுவிப்பது. உணங்கும் மீனைப் புள்ளினம் கவராமற் காக்கும் சிறுமிக்கு அதே கடற்கரை தொழிற்களம். யார் கூற்று என்று அறியாமற் பாட்டுக்குப் பொருள் கொள்ளலாகாது என்பது உரையாசிரியர் கண்ட நெறி. சங்கப் பாடல்களில் நிலம் பெறும் இடத்தை ஆராய்ந்து உலகறியச் செய்த தனிநாயகம் அடிகள் 1913ஆம் ஆண்டில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கவிதைக்குக் கண்ட அந்நெறியை வரலாற்று ஆவணங்களுக்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

தீவகத்தைப் பற்றிய பழைய ஆவணங்களுள் முதன்மையானது நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு. 1153ஆம் ஆண்டு முதல் 1186ஆம் ஆண்டு வரை பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. அதனைப் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். முற்பகுதி சிதைந்துள்ளதாயினும் எஞ்சிய பகுதியின் பொருள் தெளிவு. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்திறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கைப் பண்டாரம் கொண்டு மூன்று பங்கை உடையவனுக்கு விட வேண்டும். வணிகப் பொருள் ஏற்றிய மரக்கலம் உடைந்தாற் பாதிக்குப் பாதி கொள்ள வேண்டும். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே என்பது ஆய்வாளர் துணிபு.

இக்கல்வெட்டிலே தோன்றும் ஊர்காவற்றுறை ஒரு சுங்கத்துறையாகும். அங்கே மீன் பிடிப்போரும் நெல் விதைப்போரும் இருந்தனரா, அவர்கள் எங்கே நீர் அள்ளினர் என்பன பற்றி அரசனுக்குக் கவலையில்லை. கல்லிலும் அவற்றுக்கு இடமில்லை. படைக்கு வேண்டிய யானையும் குதிரையும் தடையின்றி வரவேண்டும் என்பதே அரசனின் வேணவா. ஆகையாலேதான் அவற்றை ஏற்றிய கலங்களுக்கு வரிச்சலுகை மிகுதி. சிங்கள நாட்டு வேந்தன் தன் ஆணையைத் தமிழிற் பொறிப்பித்தமை, அத்துறையில் அதனைப் படித்து நடக்க வேண்டியவர் யாவர் என்பதையும் உணர்த்துகின்றது. எழுதியவனின் தேவையும் படிப்பவரின் மொழியும் சேர்ந்து அந்த ஊரின் சித்திரத்தை வரைந்துள்ளன. சித்திரம் பொய்யன்று, ஆனால் அது கடற்பக்கத்து வாயிலை மட்டும் காட்டும் சித்திரம்.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போத்துக்கேயர் இத்துறையைத் தம் மொழியில் இறங்குதுறை எனப் பொருள்படும் ‘காயிஸ்’ என்னும் சொல்லால் வழங்கினர். பின்வந்தோர் வாயில் அது ‘கயிற்ஸ்’ என நிலைத்தது. ஒரு துறைக்குத் துறை என்றே பெயரிடுவோர் அதனைக் கப்பலில் வந்து காண்போர் ஆவர். நெடுந்தீவை அவர்கள் பசுக்களின் தீவு என்று அழைத்தனர். நீண்ட பயணத்தில் ஊணுக்கும் பாலுக்கும் வழிதேடும் மாலுமியின் கண்ணுக்குப் புல்வெளியில் மேயும் ஆநிரையே முதலிற் பட்டது இயல்பே. தீவினுள் வாழ்ந்தோருக்கும் அயற்றீவினருக்குமோ அது நெடிய தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர். ஒரு பெயர் நிலத்தின் கிடையைச் சொல்லிற்று. மற்றையது அதனாற் பெறக்கூடிய பயனைச் சொல்லிற்று.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அவர்களோடு வந்த பிலிப்பு பல்தேயஸ் பாதிரியார் சில ஆண்டுகள் இங்குத் தங்கிச் சமயப்பணி ஆற்றினார். மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றிய அவரது பெருநூல் 1672இல் ஆம்ஸ்ற்றடாமில் வெளியாயிற்று. தீவகத்தைக் கூறுமிடத்து அவர் கண் முதலிற் செல்வது கோவிலின்மீதும் பள்ளியின்மீதுமாம். எந்த ஊரிலே தேவாலயம் உண்டு, எத்தனை பிள்ளைகள் கல்வி பயில வருகின்றனர் என்பவற்றை அவர் கணக்கிட்டு எழுதினார். தம் திருச்சபையின் வளர்ச்சியைத் தாய்நாட்டவருக்குக் காட்ட வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. பிள்ளைகள் மாலையில் வீடு சென்று எந்தத் தெய்வத்தை வணங்கினர் என்பதை அந்த எண்ணிக்கை கூறாது. ஆயினும், பதினேழாம் நூற்றாண்டிலே தீவக ஊர்களிற் பள்ளிகள் இருந்தன என்பதையும் அவற்றிற் பிள்ளைகள் கூட்டப்பட்டனர் என்பதையும் அறிவதற்கு அவர் நூலே பெருந்துணையாகின்றது.

ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்ற்றடாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. இவற்றுள் டெல்வ்ற் என்பதே பிற்கால வழக்கிற் பெரிதும் நிலைத்தது. பெயரிட்டவர் தீவை நோக்கியபோது தம் ஊரின் நினைவே அவர்க்கு மேலோங்கியிருந்தது போலும்.

இதனினும் தெளிவான சான்று ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் கோட்டை. போத்துக்கேயர் கட்டிய அக்கோட்டைக்கு ஒல்லாந்தர் ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். உப்பிட்ட பன்றித் தொடையின் குதிப்பகுதி என்பது அதன் பொருள். இலங்கைத்தீவின் வடிவம் அவர்க்குப் பன்றித்தொடை போலத் தோன்றிற்று. அதன் நுனியிலுள்ள கோட்டை குதியாயிற்று. கோட்டையின் எதிரே கரையில் நிற்கும் எவருக்கும் இந்த உவமை தோன்றாது. மேசையில் விரித்த நிலப்படத்தை நோக்குபவருக்கே அது தோன்றும். கரையில் நின்றவர் அதனைக் கடற்கோட்டை என்றனர். ஒருவர் தீவு முழுவதையும் மேலிருந்து நோக்கிப் பெயரிட்டார். மற்றவர் தோணியில் இருந்து நோக்கிப் பெயரிட்டார். அக்கோட்டை பிற்காலத்திலே சிறையாகவும் இருந்தது. இக்காலத்திற் கடற்படையினர் நடத்தும் விடுதியாக இருக்கின்றது. கைதியும் விருந்தினரும் அங்குக் கேட்கும் அலையோசை ஒன்றே. அவர்கள் எழுதும் கடிதங்கள் ஒன்றாகா.

ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகளும் இவ்வகையிற் கருதத்தக்கன. காணியையும் அதன் உடைமையாளரையும் அவர்கள் செலுத்த வேண்டிய இறை, ஊழியம் என்பவற்றையும் பதிவதற்காகவே அவை எழுந்தன. இறை தண்டுவோரின் நோக்கு இரக்கமற்றது; அது வளவை வருவாயாகவும் மனிதரை ஊழிய நாட்களாகவும் காண்கின்றது. எனினும், காணியின் பெயரும் அதனை ஆண்டவர் பெயரும் அதனாலேயே ஏட்டில் ஏறின. புலவர் பாடாத தோட்டங்களையும் புராணம் கூறாத மனிதரையும் வரிக்கணக்கன் எழுதி வைத்தான். சார்புடைய ஆவணம் என்று அதனை ஒதுக்குவோர் தம் முன்னோரின் பெயர்களையும் சேர்த்தே ஒதுக்குகின்றனர்.

ஆங்கிலேயர் காலத்தில் நோக்கு மீண்டும் மாறிற்று. ஒல்லாந்தர் நெடுந்தீவிற் குதிரை வளர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நோலன் என்னும் இராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் அங்குக் குதிரைப் பண்ணை நடைபெற்றது. ஆதலால் அக்கால அரசாங்க ஏடுகளில் நெடுந்தீவு என்பது பெரும்பாலும் குதிரை என்றே பொருள்பட்டது. 1834இல் சைமன் காசிச்செட்டி இலங்கை ஊர்களைப் பற்றிய அகராதி ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் கற்பிட்டியிற் பிறந்த தமிழர். பின்னர்த் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் தொகுத்தவர். எனினும் அகராதி என்னும் நூல்வகை தனக்கெனச் சில வினாக்களை உடையது. ஊர் எங்குள்ளது, எவ்வளவு தொலைவு, குடிகள் யாவர், விளைவது யாது என்பனவே அவை. அவ்வினாக்களுக்கு விடையாகாத செய்தி அந்நூலில் இடம்பெறுதல் எளிதன்று. எழுதுவோர் உள்நாட்டவர் என்பதனால் மட்டும் வருணனை உள்நாட்டு வருணனை ஆகிவிடாது. எடுத்துக்கொண்ட நூல்வகையும் ஒரு நோக்கேயாம்.

இக்காலத்து நெடுந்தீவை எடுத்துக்கொள்வோம். குறிகட்டுவானிற் காலைப் படகேறிச் சென்று பிற்பகற் படகில் மீளும் பயணிகள் எழுதும் குறிப்புகளிற் காட்டுக்குதிரைகள், பெருக்குமரம், ஒல்லாந்தர்காலப் புறாக்கூடு, முருகைக்கல் மதில்கள் என்பன தவறாது இடம்பெறும். படகு நேரம் அவர்கள் காண்பவற்றை வரையறுக்கின்றது. மதிலின் அழகு அவர்களைக் கவர்கின்றது. தீவில் வாழ்பவருக்கோ அந்த மதில், கல் நிறைந்த நிலத்தைப் பயிர் செய்வதற்காகக் கிளறிப் பொறுக்கிய கற்களைத் தலைமுறை தலைமுறையாக அடுக்கிய உழைப்பு. கால்நடை பயிரை மேயாது தடுக்கும் காவல். அயலானோடு உள்ள எல்லை. காட்டுக்குதிரை பயணிக்குக் காட்சி; கோடையிற் குடிநீருக்கு அல்லற்படும் தீவில் மாடு வளர்ப்பவருக்கு அது குளத்து நீரைப் பங்கிடும் இன்னொரு வாய். இவ்விரு நோக்கும் உண்மையே. பயணி எழுதுகின்றார், தீவார் எழுதுவதில்லை என்பதே குறை. நாள்தோறும் காண்பதனை எழுதுவதற்கு என்ன இருக்கின்றது என்று தீவார் எண்ணுகின்றனர். அதனால் அவர் ஊரைப் பிறர் எழுதுகின்றனர்.

இது வெறும் இலக்கிய நயம் பற்றிய செய்தியன்று. நெடுந்தீவின் மேற்கிலே கோட்டைக்காட்டிற் காணப்படும் கற்குவியலை ஊரார் வெடியரசன் கோட்டை என்பர். வெடியரசன் என்னும் கடலோடித் தலைவனைப் பற்றிய கதை தீவகத்தில் வழிவழியாக வழங்குவது. தொல்லியலாளர் அவ்விடத்திற் பௌத்த தூபிகளின் அடித்தளத்தைக் காண்கின்றனர். கோட்டை என்பார் தூபியை மறுக்க வேண்டியதில்லை. தூபி என்பார் தமிழர் வாழ்வை மறுக்க வேண்டியதுமில்லை. மணிமேகலையைப் படைத்த மொழிக்குப் பௌத்தம் அயலான சமயமன்று. ஆயினும் ஓர் அறிவிப்புப் பலகையில் ஒரு பெயர் மட்டும் எழுதப்படும்போது மற்றை நினைவு படிப்படியாக மறையும். அப்பொழுது வருணனை உரிமைச் சாசனமாக மாறுகின்றது.

நயினாதீவில் இது மேலும் தெளிவாகும். மகாவம்சம் புத்தர் நாகதீபத்துக்கு வந்து மணியாசனத்துக்காகப் போரிட்ட இரு நாக அரசரைச் சமாதானப்படுத்தினார் என்று கூறும். மணிமேகலைக் காப்பியம் மணிபல்லவத்தில் இருந்த புத்தபீடிகையைக் கூறும். 1936இல் வல்லிபுரத்திற் கிடைத்த பொன்னேடு நாகதீவு என்னும் பெயரை ஒரு பெரும் நிலப்பகுதியின் பெயராகக் காட்டுகின்றது. அதனால் நாகதீபம் என்பது குடாநாட்டையே குறித்தது என்பர் ஆய்வாளர் பலர். எனினும் இன்று தெற்கிலிருந்து வரும் பௌத்த யாத்திரிகருக்கு நாகதீபம் என்பது நயினாதீவு விகாரை. சைவ அடியாருக்கு அதே தீவு ஆனித் திருவிழாக் காணும் அம்பிகையின் திருப்பதி. அங்கே மீன்பிடித்தும் படகோட்டியும் கடை வைத்தும் வாழும் குடிகளுக்கு அது பிறந்த ஊர். யாத்திரை நூல்கள் முதலிரண்டு தீவுகளையும் விரித்துரைக்கும். மூன்றாவது தீவு அவற்றில் அரிதாகவே தோன்றும்.

இனி, ஊரவர் தாமே எழுதினால் முழு உண்மையும் வெளிப்படுமோ எனின், அதுவும் ஆராயத்தக்கதே. உள்ளூரார் என்பவர் ஒருவரல்லர். தீவகத்தில் நன்னீர் அரியது. நல்ல கிணறு ஊரின் செல்வம். புலம்பெயர்ந்தோர் வெளியிடும் ஊர் மலர்களைப் புரட்டினால், கோயிற் கிணற்றின் இனிய நீர் நெஞ்சுருகப் பாடப்பட்டிருத்தலைக் காணலாம். ஆனால் அந்நீரை அள்ளும் உரிமை எல்லாருக்கும் இருந்ததில்லை. புங்குடுதீவைச் சேர்ந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம், தாழ்த்தப்பட்ட மக்கள் கண்ணகி அம்மன் கோயிற் கிணற்றில் நன்னீர் பெறும் உரிமைக்காக 1971இல் நடைபெற்ற போராட்டத்தில் முன்னின்றார், 1973இல் மறைந்தார். கிணற்றடியில் துலாவை இழுத்தவர் ஒருவர். சற்றுத் தள்ளிக் குடத்தோடு பிறர் ஊற்றும்வரை காத்து நின்றவர் மற்றொருவர். இருவரும் அந்த ஊரவரே. முதல்வரின் வருணனையில் நீரின் சுவை உண்டு. காத்திருந்த நேரம் இல்லை. ஊரின் கதையை ஊரவர் எழுதுக என்று கூறுவோர், எந்த ஊரவர் என்றும் கேட்டல் வேண்டும்.

இழப்பும் ஒரு நோக்கைத் தருவதாகும். 1990களின் தொடக்கத்திலே போர் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையினராய்க் குடாநாட்டுக்கும் பிற நாடுகளுக்கும் பெயர்ந்தனர். புங்குடுதீவிற் பிறந்த கவிஞர் சு. வில்வரத்தினம், ஆளற்ற ஊரைக் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்னும் தம் கவிதைத் தொகுதியாற் பதிவு செய்தார். அது 1995இல் வெளிவந்தது. வாழ்ந்த காலத்தில் எவரும் எழுதத் துணியாத படலையும் முற்றமும் திண்ணையும், அவற்றை இழந்த பின்னர் எழுதத்தக்க பொருளாயின. இழந்தவரின் கண் நுணுக்கமானது. மறந்துபோன சிறு பொருள்களையும் அது மீட்டுத் தருகின்றது. அதேவேளை, அது ஊரைப் பசுமை ஆக்கியும் விடும். வறண்ட கோடையும் கடனும் வழக்கும் அந்நினைவிற் பெரும்பாலும் இடம்பெறா.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஒவ்வொரு வருணனையும் ஒரு வினாவுக்கு விடையாகும். அரசன் சுங்கத்தை வினவினான். மாலுமி துறையை வினவினான். பாதிரியார் ஆன்மாக்களின் தொகையை வினவினார். கணக்கன் இறையை வினவினான். யாத்திரிகர் தெய்வத்தின் இருப்பிடத்தை வினவுகின்றார். புலம்பெயர்ந்தவர் தாம் விட்டுவந்ததனை வினவுகின்றார். எழுதப்பட்ட வினாவை அறியாதவர் விடையைத் தவறாகவே படிப்பர். ஆகவே ஓர் ஆவணத்தைக் கையிலெடுக்கும் மாணவர், எழுதியவர் எங்கே நின்றார், யாருக்காக எழுதினார், எதனைக் கேட்டார், எதனைக் கேட்க அவருக்குத் தேவையில்லாதிருந்தது என்னும் நான்கினையும் முதலில் ஆராய்தல் வேண்டும். சார்பற்ற ஆவணம் ஒன்றைத் தேடிக் காலம் கழிப்பதினும், சார்புடைய பலவற்றை அருகருகே வைத்து ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்புதலே வரலாற்றாசிரியர் செய்யத்தக்கது.

அவ்வாறு நிரப்பிய பின்னரும் ஓர் இடம் வெறுமையாக நிற்கின்றது. தீவக ஊர்களின் அன்றாட வாழ்வு, அங்கு அதனை வாழ்ந்தோரின் கையால் மிகச் சிறிதளவே எழுதப்பட்டுள்ளது. மதில் அடுக்கிய முறையும், கிணறுகளின் பெயரும், அவற்றில் யார் அள்ளினர் யார் அள்ளவில்லை என்பதும், வத்தையும் வள்ளமும் சென்ற வழியும், காணிகளின் பழம்பெயர்களும் முதியோர் நாவில் மட்டுமே எஞ்சியுள்ளன. அம்முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் ஒழுங்கையிலுள்ள ஒரு கிணற்றைப்பற்றி மூவரிடம் கேட்டெழுதலாம். அம்மூவரும் கிணற்றுக்கு வெவ்வேறு வழியால் வந்தவராக இருத்தல் வேண்டும். அவர்கள் கூற்று ஒன்றோடொன்று முரணுமாயின் அம்முரணையும் திருத்தாமல் எழுதி வைத்தல் வேண்டும். கல்வெட்டும் தோம்பும் பாதிரியாரின் நூலும் சொல்லாது விட்ட ஊரை வருங்காலத்தார் அந்த ஏடுகளிலேதான் தேடுவர்.